22 கொம்பியூட்டர்களும் குப்பைக்குப் போக வேண்டியவையா?



போன கிழமை நடந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்ல அங்கே நேரம் கிடைக்கவில்லை. மஃரிப் நெருங்கிவிட்டது, ஆட்களும் எழும்பிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு 5,000 ரூபா என்று வீடு வீடாகக் கேட்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் பத்து நிமிடம் வாசிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கணினிக் கூடத்தில் 22 மெஷின்கள் இருக்கின்றன. பாதி பழைய மாணவர்கள் தந்தவை, மற்றவை அலுவலகங்கள் கழித்துவிட்டபோது கேட்டு வாங்கியவை. எல்லாமே பத்து வருடத்துக்கு முந்தியவை. அவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் 22இல் ஒன்றுகூட அதற்குள் வராது. ஆகவே கூட்டத்தில் எடுத்த முடிவு: "எல்லாத்தையும் கழிச்சிட்டு புதுசா எடுப்போம்."

கழிப்பதற்கு அந்த மெஷின்களில் என்ன பழுது என்று ஒருவரும் கேட்கவில்லை. கீபோர்ட் வேலை செய்கிறது, திரை வேலை செய்கிறது, பிள்ளைகள் நேற்றும் அதில்தான் படித்தார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஒரு திகதி குறித்ததும், கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்யும் ஓர் உம்மா 5,000 ரூபா கட்ட வேண்டும். மூன்று பிள்ளைகள் என்றால் 15,000. இதை ஏன் எல்லாரும் விதி மாதிரி ஏற்றுக்கொள்கிறோம்?

நாங்கள் சொல்வது: ஒரு சல்லியும் சேர்க்க வேண்டாம். அந்த 22 மெஷினிலும் லினக்ஸ் போடுவோம், லிப்ரே ஒஃபிஸ் போடுவோம். இன்னும் பல வருடம் ஓடும்.

கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி, கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பை நீட்டித்துத் தருகிறார்கள், முதல் வருடம் ஒரு மெஷினுக்கு ஒரு டொலர்தான் என்றார். உண்மைதான். இரண்டாம் வருடம் இரண்டு டொலர், மூன்றாம் வருடம் நான்கு, அதோடு கதை முடிந்தது. ஆனால் அந்தத் தம்பிக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். அது முறையாக உரிமம் வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் சலுகை. எங்கள் 22 மெஷினில் எத்தனைக்கு உரிமம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் முகம் கறுத்திருக்கும்.

இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறோம். எங்கள் கூடத்தில் இருந்த விண்டோஸும் ஒஃபிஸும் ஏறத்தாழ எல்லாமே கிராக் பண்ணியவை. எங்கள் கூடம் மட்டுமா? உங்கள் வீட்டு லெப்டொப், டியூஷன் வகுப்பு, போட்டோகொப்பிக் கடை, பள்ளி நிர்வாகத்தின் கணக்கு மெஷின், கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் மெஷின் எல்லாவற்றையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மென்பொருள் கம்பெனிகளின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய வருடம் இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 77 சதவீதம் உரிமம் இல்லாதவை. விற்கிறவர்கள் எடுத்த கணக்கு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் தெருவை மட்டும் எண்ணினால் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இதன் விலையை நாங்கள் போன வருடம் இரண்டாம் தவணையில் கட்டினோம். ஒரு கடையில் கொடுத்து நான்கு மெஷினுக்கு ஒஃபிஸ் போட்டோம். அதை "அக்டிவேட்" பண்ணும் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டுவதற்காக வைரஸ் கார்டை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். பத்து நாளில் ஒரு காலை வந்து பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத ஒரு வால். கூடவே, டொலரில் பணம் கேட்டு ஓர் ஆங்கிலக் கடிதம். தரம் 11 பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் போயின. தவணைப் புள்ளிகளைப் பதிவேடுகளிலிருந்து மூன்று இரவு உட்கார்ந்து திரும்ப அடித்தோம். செயற்றிட்டங்களுக்குப் பதிவேடு ஏது? பிள்ளைகள்தான் மறுபடி செய்தார்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே கேட்டது: "மிஸ், காசு குடுத்து வாங்கின சொஃப்ட்வெயார்தானே?" பதில் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்தோம்தான். களவெடுத்தவனுக்குக் கொடுத்தோம்.

வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் "களவு ஹராம்" என்று நாம்தான் சொல்கிறோம். வேறொருவரின் பேனையை எடுத்தால் வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறோம். ஆனால் பாடசாலைக் கூடத்தில் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே களவெடுத்த பொருளில். "பெரிய கம்பெனி, அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது" என்று எங்களில் படித்தவர்களே சொல்கிறார்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி இதைப் பற்றி 43ஆம் தீர்மானத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது: எழுத்துரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வர்த்தகப் பெயர் எல்லாம் மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றை மீறக்கூடாது. நாட்டுச் சட்டமும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் கணினி நிரலும் வருகிறது. பள்ளிவாசலில் ஓடும் கள்ள விண்டோஸைப் பற்றி யாராவது ஒரு குத்பாவில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்டதில்லை.

சரி, முறையாக வாங்கலாம்தானே என்பீர்கள். விண்டோஸ் 11 ஹோம் பட்டியல் விலை 139 டொலர். ஒஃபிஸ் ஹோம் 2024 வெளியானபோது கிட்டத்தட்ட 150 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மெஷினுக்கு 86,000 ரூபாவுக்கு மேல். 22க்கு 19 இலட்சம். பாடசாலைகளுக்கு விலைகுறைப்பு உண்டு, இணையத்தில் மட்டும் ஓடும் இலவசப் பதிப்பும் உண்டு. இணையம் எங்கள் கூடத்துக்கு வருவதும் போவதும் மழையைப் போல என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2022ஐ நாம் மறக்கவில்லை. அந்த மார்ச்சில் தாளும் மையும் வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். பரீட்சைத் தாளுக்கே டொலர் இல்லாமல் நின்ற நாட்டில், எழுத்துக்களைத் தட்டச்சு செய்வதற்கு டொலரில் வாடகை கட்ட வேண்டுமா?

களவும் வேண்டாம், கடனும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழிதான் கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள். இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்ற ஒரே சொல்லில் சும்மா கிடைப்பதும் சுதந்திரமும் கலந்து கிடக்கின்றன. இதை விளக்க 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் இன்றுவரை படாத பாடு படுகிறார். தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாக வரும் எல்லாம் கட்டற்றது இல்லை. போனில் சும்மா கிடைக்கும் விளையாட்டு இலவசம், ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாது. கட்டற்ற மென்பொருள் என்றால் எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குக் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம். கொடுப்பது களவு இல்லை, அந்த உரிமையைத் தந்துதான் வெளியிட்டிருக்கிறார்கள்.

எங்கள் சமூகத்துக்கு இது புதிய யோசனையே இல்லை. மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீரை அதன் சொந்தக்காரர் விற்றுக்கொண்டிருந்தார். உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக விட்டார்கள். வக்ஃப் செய்த சொத்தை யாரும் பிறகு தன் பெயருக்கு எழுத முடியாது. 1989இல் ஸ்டோல்மன் எழுதிய ஜிபிஎல் உரிமமும் அதே வேலையைத்தான் செய்கிறது: யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம், ஆனால் திருத்தியதை இன்னொருவரிடம் கொடுக்கும்போது அதே உரிமைகளை அவருக்கும் கொடுத்தாக வேண்டும். வேலி போட்டு அடைக்க முடியாது. எங்கள் இந்துச் சகோதரர்கள் ஆடிவேல் நாட்களில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, குடிக்க வருகிறவரிடம் யார் என்ன என்று கேட்பதில்லையே, அப்படி. கிணற்றிலும் பந்தலிலும் தண்ணீர் வற்றும், இது வற்றாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்குச் சரி" என்றார் ஒரு நானா. நானா, கேளுங்கள். உலகத்துக்கு இதைச் செய்து காட்டியவர்களில் நாமும் ஒருவர்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்தக் கிழமை இந்த நகரத்தில் யாருக்கும் தூக்கமில்லை. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் காலியிலும் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், எந்த முகாமுக்கு அரிசி போனது, எதற்குப் போகவில்லை என்று ஒரே இடத்தில் ஒரு பட்டியல் இல்லை. நம் வீடுகளிலிருந்து லொறியில் சாமான் ஏற்றிப் போனவர்களுக்குத் தெரியும், ஒரு முகாமில் உடுப்பு மலைபோல் கிடக்கும், அடுத்த முகாமில் தண்ணீர் இருக்காது. அப்போது கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த இளைஞர்கள், பல்கலைக்கழகங்களிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் வந்த தொண்டர்கள், இரவு பகலாக உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, யாருக்கு என்ன தேவை என்ற பதிவு. "சஹன" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அதை அவர்கள் பூட்டி வைத்து விற்கவில்லை. திறந்த மூலமாக விட்டார்கள். அதனால் 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்ஸில் மண்சரிவு, இந்தோனேசியாவில் யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2010இல் ஹெய்ட்டி. ஒவ்வோர் இடத்திலும் அங்கத்தைய ஆட்கள் தங்கள் மொழிக்கும் தேவைக்கும் ஏற்றபடி திருத்தினார்கள். யாரும் நம்மிடம் அனுமதி கேட்கவோ, பணம் கட்டவோ வேண்டியிருக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதைச் சஹனவுக்குத்தான் கொடுத்தது. இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? எங்களுக்கே கல்வியியற் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. அங்கே படித்த காலம் முழுக்க "தகவல் தொழினுட்பம்" என்றால் வேர்டில் எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி என்பதுதான்.

2020 ஜனவரியிலும் இதே மாதிரி நடந்தது. கொரோனா வரப்போகிறது என்றதும், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்து, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து கண்காணிக்க நம் நாட்டுச் சுகாதாரத் துறையினர் தயார்படுத்தினார்கள். அந்த வேலையைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. உரிமம் வாங்கக் கேள்விப்பத்திரம் போட்டுக் காத்திருந்தால் முதல் அலை முடிந்திருக்கும்.

இனி பாடசாலைக்கு வருவோம். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொச்சிக்கடை என்ற பெயரிலேயே கொச்சியை வைத்திருக்கும் நமக்குக் கேரளா தூரமில்லை. 2001இல் அங்கே "ஐடி அட் ஸ்கூல்" என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. கொஞ்ச வருடத்தில் அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வியை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுப்பரீட்சையில் கணினிச் செய்முறையை இலட்சக்கணக்கான பிள்ளைகள் லினக்ஸில்தான் செய்கிறார்கள். 2017இல் அந்தத் திட்டம் "கைட்" என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பாடத்திட்டத்துக்குத் தேவையானவற்றைச் சேர்த்து, மலையாளத்தில் தாங்களே ஒரு பதிப்பு வெளியிடுகிறார்கள். இதனால் மிச்சமான உரிமக் கட்டணம் 3,000 கோடி இந்திய ரூபா என்று கைட் சொல்கிறது.

ஆனால் எங்களுக்கு அந்த 3,000 கோடியைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர்கள் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். அதற்கென்று முதன்மைப் பயிற்றுநர்களை வைத்து, ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை. மலையாளம் படித்துக்கொடுக்கும் டீச்சரும் லினக்ஸில் பாடம் தயாரிப்பார். இங்கே ஒவ்வொரு முறையும் முதலில் மெஷின் வரும், நாடா வெட்டுவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், ஆசிரியருக்குப் பயிற்சி "பிறகு" வரும். 5,000 ரூபா சேர்த்துப் புது மெஷின் எடுத்தாலும் அந்தப் "பிறகு" வரப்போவதில்லை.

அடுத்த கேள்வி, எல்லாப் பெற்றோரும் கேட்பது: "பிள்ளை வேலைக்குப் போனா வேர்ட், எக்ஸெல்தானே கேப்பாங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் 2003 வேர்டில் மெனுக்களை மனப்பாடம் செய்த எங்களுக்கு 2007இல் என்ன நடந்தது? எல்லா மெனுவையும் எடுத்துவிட்டு ரிபன் என்று ஒன்றைப் போட்டார்கள். மனப்பாடம் செய்தவர்கள் தவித்தார்கள், விளங்கிப் படித்தவர்கள் ஒரு மணித்தியாலத்தில் பழகினார்கள். லிப்ரே ஒஃபிஸ் கெல்க்கில் கூட்டல் சூத்திரம் எழுதப் பழகிய பிள்ளைக்கு எக்ஸெலிலும் அதே சூத்திரம்தான். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தில் பிள்ளைகள் படிக்கும் பைத்தன் கட்டற்ற மென்பொருள். அவர்கள் போகப்போகும் பல்கலைக்கழகங்களில் பாடக்குறிப்புகள் இருக்கும் மூடில் கட்டற்ற மென்பொருள். கடந்தகால வினாத்தாளும் பழைய நூலும் தேடி நாம் அடிக்கடி போகும் நூலகம் தளம் ஓடுவது மீடியாவிக்கியில், அதுவும் அப்படித்தான். கூகுள் நடத்தும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதல் பத்து வருடத்தில், திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுத உலகிலேயே கூடுதலான மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

ஏன், உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவதே லினக்ஸ் கருதான். படம் பார்க்கும் விஎல்சி பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். தெரியாமலேயே எல்லாரும் இதற்குள்தான் இருக்கிறோம். தெரிந்து வரச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாம் தேன் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜம்பட்டா வீதியில் அச்சு வேலை செய்யும் அண்ணன்மார் கோபிப்பார்கள், அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம்: போட்டோஷொப்பும் இலஸ்ட்ரேட்டரும் வைத்துத் தொழில் செய்கிறவர் நாளைக்கே விட்டுவிட வேண்டாம். கிம்ப், இங்க்ஸ்கேப் நல்லவை, எங்கள் பாடசாலை நோட்டீஸுக்குத் தாராளம், ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் ஃபைல் அதில் அப்படியே திறக்காது. சில கணக்கு மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாது. சில பழைய ஸ்கேனர்கள் அடம்பிடிக்கும். வேர்டில் அட்டவணையும் படமும் போட்டு நெருக்கிச் செய்த ஃபைல் லிப்ரே ஒஃபிஸில் கொஞ்சம் நெளியும். ஜேர்மனியின் மியூனிக் நகரம் பெரும் முயற்சியில் லினக்ஸுக்கு மாறி, 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தது. அதையும் மறைக்கவில்லை. அதே ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் 30,000 கணினிகளை லிப்ரே ஒஃபிஸுக்கு மாற்றப்போவதாக 2024இல் அறிவித்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்களுக்கு வரப்போகும் உண்மையான தலையிடி பாமினி. ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை, பெற்றோருக்காகச் சொல்கிறோம். நம் பாடசாலைகளில் பல வருடமாக வினாத்தாள் அடிப்பது பாமினி எழுத்துருவில். பார்க்கத் தமிழ் போல இருக்கும். கணினிக்குள் அது தமிழே இல்லை. "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் கிறுக்கல் வெளியே வரும். தேட முடியாது, போனில் வாசிக்க முடியாது, பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளால் வாசிக்க முடியாது. இருபது வருட வினாத்தாள்கள் இப்படித்தான் பென் டிரைவ்களில் கிடக்கின்றன. லினக்ஸுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் இதை யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. அடிப்பதற்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ் 99உம் ஒலிபெயர்ப்பு முறையும் லினக்ஸிலேயே கிடைக்கின்றன. எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை: லோஹித் தமிழ், நோட்டோ தமிழ். மலையாளக் கட்டற்ற மென்பொருள்காரர்கள் தமிழுக்கென்று செய்துதந்த மீரா இனிமையும் இருக்கிறது. வலயத்துக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத, லங்கா லினக்ஸ் பயனர் குழு செய்த சிங்கள எழுத்துரு இருக்கிறது.

இனி, வீட்டில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு. ஒரேயடியாகப் பாய வேண்டாம். முதலில் இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், விஎல்சி போட்டு ஒரு மாதம் பழகுங்கள். விண்டோஸில் தமிழ் அடிக்க இ-கலப்பை போதும். அதற்குப் பிறகு ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை எழுதி, மெஷினில் ஒன்றையும் அழிக்காமல் பென்னிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் அடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென்னைக் கழற்றினால் பழையபடி விண்டோஸ். மின்ட்டுக்கு 2 ஜிபி ரெம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. இப்போதுள்ள 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. நிரந்தரமாகப் போடுவதற்கு முன்னால் உங்கள் படங்களையும் ஃபைல்களையும் வேறோர் இடத்தில் கொப்பி எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் போட்டுவிட்டு எங்களைத் திட்டாதீர்கள்.

ஒரு மென்பொருள் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? பெயரைத் தேடி முதலில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள், அது பெரும்பாலும் விளம்பரம். அந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். என்ன உரிமம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்: ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி, மொசில்லா என்று ஏதாவது இருக்க வேண்டும். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். ஐந்து வருடம் யாரும் தொடாத மென்பொருள் ஆளில்லா வீடு மாதிரி, பாம்பு இருக்கலாம். லினக்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தேடலே பெரும்பாலும் இல்லை, அதற்குள்ளேயே ஒரு களஞ்சியம் இருக்கிறது, போனில் அப் எடுப்பது போல எடுக்கலாம்.

கடைசியாக, சங்கத்துக்கும் அதிபருக்கும் எங்கள் கோரிக்கை. பணம் சேர்க்கும் முடிவை ஒரு தவணைக்கு ஒத்திவையுங்கள். 22இல் ஆறு மெஷினை எங்களிடம் தாருங்கள். தரம் 10 பிள்ளைகள் அந்த ஆறில் ஒரு தவணை படிக்கட்டும், பிறகு பெற்றோர் வந்து பிள்ளைகளிடமே கேட்கட்டும். சரிவராவிட்டால் அந்த ஆறிலும் நாங்களே பழையதைப் போட்டுத் தருகிறோம், உரிமம் வாங்கிக் கொடுத்தால்.

பழைய மாணவர்களே, புது மெஷின் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள், ஜஸாகல்லாஹு ஹைரா. அதற்குப் பதிலாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போட ஆறு சின்ன எஸ்எஸ்டி வாங்கித் தாருங்கள். ஒரு புது மெஷினின் விலையைவிடக் குறைவாகத்தான் வரும், பழைய மெஷின் எழும்பி ஓடும். பெயர்ப்பலகை கேட்டால் அதையும் மாட்டுகிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கணினிக் கூடம் திறந்திருக்கும். 8 ஜிபிக்குக் குறையாத, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு பென் டிரைவைக் கொண்டு வாருங்கள், மின்ட் எழுதித் தருகிறோம். லெப்டொப் இருந்தால் சார்ஜரோடு கொண்டு வாருங்கள், போன முறை ஒருவர் சார்ஜர் இல்லாமல் வந்து பாதியில் நின்றுவிட்டது. தாய்மாருக்குத் தனியாக ஒரு மேசை போடுகிறோம். ளுஹருக்கு முன்னால் முடித்துவிடுவோம். வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள், எத்தனை பிளக் வேண்டும் என்று பார்க்க வேண்டும்.